முடிச்சுக்குள் பெரிய ரூபாய்

காந்தத்தை நான் முழுதாகக் கீழே இறக்கக்கூட இல்லை. தரையில் வைத்திருந்த மஞ்சள் துணி முடிச்சு எம்பி வந்து டக்கென்று அதில் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் வாசலில் கட்டியிருந்த ஆடு எழுந்து நின்றுவிட்டதாகத் தங்கை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“ஒட்டுது! ஒட்டுதும்மா! நிக்கல்! சுத்தமான நிக்கல்!”

கேவுரு மாவு ஒட்டிய கையோடு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“முடிச்ச அவுத்தியாடா?”

“இல்லம்மா. நான் தொடவே இல்ல. காந்தந்தான் தொட்டுச்சு.”

“சாமி காசுல என்னடா வெளையாட்டு? கன்னத்துல போட்டுக்கோ.”

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்ட கையாலேயே மறுபடியும் காந்தத்தை எடுத்தேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அரூருக்கு வெளியே இருக்கும் ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வரலாற்றில் எம்.ஏ.வும் அதற்குப் பிறகு பி.எட்.டும் முடித்துவிட்டு நான் ஏறாத பள்ளிக்கூடப் படி இல்லை. எல்லா இடத்திலும் “எக்ஸ்பீரியன்ஸ் இருக்குதுங்களா?” என்பார்கள். வேலை கொடுத்தால்தானே அது வரும் என்று வாய்வரைக்கும் வரும், சொல்லாமல் திரும்புவேன். இந்தப் பள்ளியில்தான் அதைக் கேட்காமல், “வந்து ஒரு டெமோ கிளாஸ் எடுங்க” என்றார்கள். எட்டாம் வகுப்பு, ஒரு பீரியடு, பாடம் என் விருப்பம். தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை.

பிடிக்காவிட்டால் திருப்பூர். பக்கத்து வீட்டு அண்ணன் பனியன் கம்பெனியில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். குச்சிக்கிழங்குக் காட்டில் அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். திருப்பூருக்குப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லை; எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு எட்டாம் வகுப்பே போதும். இத்தனை வருடம் அவர்கள் வெயிலில் நின்றது எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. அதனால் இந்த ஒரு பீரியடு எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

என்ன பாடம் நடத்துவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் கதை.

இந்த ஆசை எனக்கு வந்தது அம்மாவால்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவளிடம் ஒரு பெயர் உண்டு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் கை போட்டது ‘வெரலு ரூபா’. குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு மூலைக்கு ஒரு புள்ளி வைத்தது ‘கோடு ரூபா’. கோடு ரூபாய் புழக்கத்துக்கு வந்த புதிதில் இரண்டு ரூபாயிலும் அதே கோடு, அதே வட்டம், அதே வெள்ளை நிறம். அம்மா டவுன் பஸ்ஸில் ஒரு ரூபாய் என்று நினைத்து இரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்து நாள் முழுக்கத் திட்டினாள். “முந்தி ரெண்டு ரூபாய்க்கு மூல மூலயா இருக்கும். இருட்டுலகூடத் தடவுனா தெரியும். இத எவன்டா வட்டமா அடிச்சான்? அவன் கண்ணு தெரிஞ்சவன். அதான்.”

அப்போது சிரித்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் அது உறைத்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காசின் வடிவம்தான் எழுத்து. அதை மாற்றினால் அவர்கள் புதிதாக அ, ஆவிலிருந்து படிக்க வேண்டும். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் ஒரு கோடு போட்டால், எங்கள் ஊர் பஸ்ஸில் அம்மா ஏமாறுகிறாள்! இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அன்றிலிருந்து ஒரு ரூபாய் சேர்க்க ஆரம்பித்தேன். விலை கொடுத்து வாங்குவது இல்லை. மளிகைக் கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில் சில்லறையாக என் கைக்கு வந்தவை மட்டும். சேரச் சேர ஒரு விஷயம் தெரிந்தது: ரூபாய் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் போகிற வருடம் அடித்த ரூபாயில் ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் புலி. குடியரசான பிறகு ராஜா போய்த் தூணின் மேல் நிற்கும் சிங்கம் வந்தது. புலி போய் இரண்டு கதிர் வந்தது. பிறகு அதே கதிர்களோடு, உள்ளங்கை நிறையும் பெரிய ரூபாய். எண்பதுகளில் அது சிறுத்தது. தொண்ணூறுகளில் இன்னும் சிறுத்து இரும்புச் சாயலில் வந்தது. அப்புறம் கோடு, அப்புறம் விரல், அப்புறம் ரூபாய்க்கென்று புதிதாக வந்த குறி, இப்போது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று. சிறுத்த பிறகு வந்தவை எல்லாம் என்னிடம் இருந்தன, பெரிய ரூபாய் மட்டும் இல்லை. புலியையும் ராஜாவையும் படத்தில் காட்டிக்கொள்ளலாம். அது வெள்ளைக்காரன் காலம். பெரிய ரூபாய் என் அப்பா அம்மா கையில் புரண்டது. அது இல்லாமல் கதை எப்படி ஆரம்பிக்கும்?

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே இருந்தது. சாமி படத்துக்குப் பின்னால், ஆணியில், மஞ்சள் துணியில் முடிச்சாக.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று அம்மா முடிந்து வைத்தது அது. ‘எம்பையன் படிச்சு வேலைக்குப் போயிட்டா உன் மலைக்கே கொண்டு வந்து போடறேன்’ என்று தீர்த்தமலை சாமிக்கு வேண்டுதல். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு முடிச்சாவது தொங்கும். காய்ச்சலுக்கு ஒன்று, காணாமல் போன மாட்டுக்கு ஒன்று. வேண்டியது நடக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. அதில் பெரிய ரூபாய்தான் இருக்கிறது என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். “சாமிக்குப் போயி சின்ன ரூபா முடிவாங்களா? உங்கப்பன் எங்கிருந்தோ பெரிய ரூபாயா தேடிக் கொண்டாந்துச்சு.”

டெமோவுக்கு இரண்டு நாள் முன்பு கேட்டேன்.

“அம்மா, அந்த முடிச்சுக் காசு எனக்கு ஒரே ஒரு நாளைக்கு வேணும்.”

“எதுக்கு?”

“வேலைக்கு.”

“வேல கெடைக்கத்தான முடிஞ்சிருக்கேன். கெடைக்கறதுக்கு முன்னாடி அவுத்தா சாமி என்னையப் பத்தி என்னா நெனைக்கும்?”

“அந்தக் காசு இருந்தாத்தாம்மா வேலையே கெடைக்கும்.”

“வேல கெடைச்சாத்தான்டா அந்தக் காசே கெடைக்கும்.”

தங்கை கல்லூரி முதல் வருடம். மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “சாவிய உள்ள வச்சுப் பூட்டுன பீரோ மாதிரி இருக்குது உங்க ரெண்டு பேரு பேச்சும்.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாவுக்கும் சாமிக்கும் நடுவில் அவர் போக மாட்டார்.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தேன். அவிழ்க்காமலே அந்த முடிச்சை எப்படிக் காட்டுவது? உள்ளே இருப்பதை வெளியே இருந்து எப்படி நிரூபிப்பது? சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது. எழுபத்தைந்தாம் வருடத்துக்கு முந்திய பெரிய ரூபாய் சுத்தமான நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும்! அதற்குப் பிறகு அதே அளவில், அதே கதிரோடு வந்தது செம்பும் நிக்கலும் கலந்தது. அது ஒட்டாது! பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. காந்தத்துக்குத் தெரியும்!

பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தேன். முடிச்சை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

“பாரும்மா, இத அவுக்கவே வேணாம். முடிச்சாவே கொண்டு போறேன். பசங்களே உள்ள என்னா இருக்குதுனு கண்டுபுடிக்கட்டும்.”

அம்மா முடிச்சைக் கையில் வாங்கி, கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். வேண்டுதலில் இதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று யோசித்திருப்பாள்போல. “கொண்டுட்டுப் போ. ஆனா முடிச்சு மட்டும் அவுந்துச்சு, வூட்டுப் பக்கம் வராத. அப்பிடியே திருப்பூர் பஸ்ஸு ஏறிடு” என்றாள்.

மறுநாள் அரூருக்குப் போய் ஒரு நகைக்கடையில் எடை போடக் கேட்டேன். தராசு முன்னால் இருந்தவர் முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அவுத்துக் குடுங்க தம்பி.”

“அவுக்கக் கூடாதுங்க. வேண்டுதல்.”

“அப்போ துணிக்கும் சேத்துத்தான் எடை வரும். துணிய அடகு வைக்கறீங்களா, காச அடகு வைக்கறீங்களா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினொன்றரை கிராம் காட்டியது. துணி, இருபது வருடத்து மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றரை கிராம் கழித்தேன். பத்து! நிக்கல் ரூபாயின் எடை சரியாகப் பத்து கிராம். கலப்பு உலோகத்தில் வந்தது எட்டுதான். நகைக்கடை வாசலில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு போலீஸ்காரர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்.

டெமோ அன்று எனக்கு முன்னால் ஒருவர் லேப்டாப்போடு வந்து பாடம் எடுத்துவிட்டுப் போனார். என் சட்டைப் பையில் ஏழெட்டுச் சில்லறை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் காந்தமும் முடிச்சும். தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

“குட் மார்னிங் ஸ்டூடன்ட்ஸ். டுடே வீ ஆர் கோயிங் டு…” என்று ஆரம்பித்தேன். முன் பெஞ்சில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். நிறுத்திவிட்டேன். பையிலிருந்து முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இதுக்குள்ள என்ன இருக்குது?”

“காசு சார்!” என்று மொத்த வகுப்பும் சொன்னது. அவர்கள் வீட்டிலும் இருக்குமே!

“எந்தக் காசு? அவுக்காம சொல்லணும்.”

அவ்வளவுதான். கொட்டாவி விட்ட பெண்ணே எழுந்து முன்னால் வந்துவிட்டாள்.

முதலில் என்னிடம் இருந்த ரூபாய்களைப் பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். எது மூத்தது, எது இளையது என்று பார்த்து வரிசையாக வைக்கச் சொன்னேன். பெரிதிலிருந்து சிறிதுக்கு அவர்களே வைத்துவிட்டார்கள். ஒரு பையன் கேட்டான்: “சார், ரூவாய்க்கு டயட்டா?”

“விலைவாசி ஏறுச்சு. ஒரு ரூபாய்க்கு இருக்கிற மதிப்பைவிட அதுல இருக்கிற உலோகத்துக்கு மதிப்பு கூடிப் போனா என்ன பண்ணுவாங்க?”

“உருக்கி வித்துருவாங்க சார்!”

“அதான் அரசாங்கம் முந்திக்கிட்டுக் காசைச் சின்னதாக்கிருச்சு.”

சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன் கையில் கதிர் போட்ட காசு இருந்தது. அவன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான்: “இது என்னா கதிருங்க சார்? சாமை மாதிரியும் இல்ல, கேவுரு மாதிரியும் இல்ல.”

“கோதுமை.”

“நம்மூருல கோதுமையே வெளையாதே சார். நம்ம பயிர ஏன் போடல?”

நான் இதை யோசித்ததே இல்லை. “வரைஞ்சவரு கேவுரு பாத்திருக்க மாட்டாரு” என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் விடவில்லை. “அப்போ யாராச்சும் கொண்டு போயிக் காட்டியிருக்கணும் சார்” என்றான். தலைமை ஆசிரியை கையில் இருந்த தாளில் எதையோ எழுதினார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

பிறகு முடிச்சுக்கு வந்தோம். அது பெஞ்சு பெஞ்சாகக் கை மாறியது. தடவிப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், காதில் வைத்து ஆட்டினார்கள். உள்ளே எல்லாம் மஞ்சளில் ஊறி இறுகிப் போயிருந்தது, சத்தம் வரவில்லை. என் கண் முடிச்சின் பின்னாலேயே ஓடியது. மூன்றாவது பெஞ்சில் ஒருவன் துணியின் நுனியைப் பல்லில் வைத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

“டேய்! டேய் சாமி! பல்லெடு!”

“சும்மா பாத்தேன் சார்.”

“அது அவுந்தா எங்கம்மா என்னைய வூட்டுக்குள்ள விடமாட்டாங்கடா!”

வகுப்பறையில் வாத்தியார் வாயில் ‘வூடு’ வந்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். தலைமை ஆசிரியை குனிந்துகொண்டார்.

எண்பதுகளின் ரூபாயை முடிச்சின் மேல் வைத்தோம். முடிச்சுக்குள் இருந்தது அதைவிட அகலம். ஆகவே எண்பதுகளுக்கு முந்தியது. காந்தத்தை நீட்டினேன். முடிச்சு தாவி ஒட்டியது. நாற்பது பிள்ளைகளும் கத்தினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ‘ஒட்டினால் நிக்கல், ஒட்டாவிட்டால் கலப்பு’ என்று பலகையில் எழுதினேன். நகைக்கடை எடையையும் எழுதினேன். கழித்தல் கணக்கை அவர்களே போட்டார்கள். கொட்டாவிக்காரப் பெண் எழுந்து நின்று தீர்ப்பு மாதிரிச் சொன்னாள்: “எழுபத்தஞ்சுக்கு முன்னாடி அடிச்ச பெரிய ரூபாய் சார். நிக்கல். உறுதி.”

நான் கை தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

“சார், இப்ப அவுத்துக் காட்டுங்க சார்!”

“அவுக்க முடியாது.”

“ஏன் சார்? நாங்கதான் கண்டுபுடிச்சுட்டோமே! எந்த வருசம்னு பாக்கணும் சார்!”

என்ன சொல்லித் தப்பிப்பது என்று தெரியாமல் உண்மையையே சொல்லிவிட்டேன். “இது எனக்கு வேலை கிடைக்கணும்னு எங்கம்மா முடிஞ்சு வச்சது. கிடைச்சாத்தான் அவுக்கலாம்.”

மொத்த வகுப்பும் அப்படியே பின்பக்கம் திரும்பியது.

“மேடம்! வேல குடுத்துருங்க மேடம்!”

“மேடம், வருசம் பாக்கணும் மேடம்! ப்ளீஸ் மேடம்!”

பிள்ளைகளை விட்டுச் சிபாரிசு கேட்ட மாதிரி ஆகிவிட்டதே! நான் கையைக் காட்டி அடக்கப் பார்த்தேன். சத்தம் ஏறியதே தவிர இறங்கவில்லை. தலைமை ஆசிரியை எழுந்து, “சைலன்ஸ்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அடங்கியது. மணியும் அடித்தது.

வெளியே வராண்டாவில் அவர் கேட்டார்: “இந்த முடிச்சு ஐடியா யாரு குடுத்தாங்க?”

“எங்கம்மாங்க மேடம். குடுக்கலீங்க. குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அதனாலதான்.”

அவர் சிரிக்கவில்லை. “தாளாளர்கிட்ட பேசிட்டுச் சொல்றோம்” என்றார். இந்த வாக்கியத்தை நான் பல பள்ளிக்கூடங்களில் கேட்டிருக்கிறேன். இதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஊருக்குப் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டேன். பனியன் கம்பெனி அண்ணனுக்கு என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் போன் அடித்தது.

“திங்கட்கிழமையிலிருந்து வந்துருங்க சார்” என்றார் தலைமை ஆசிரியை. “சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரிஜினல் கொண்டு வாங்க. அப்புறம்…” கொஞ்சம் நிறுத்தினார். “அது எந்த வருசம்னு எனக்கும் சொல்லுங்க.”

பஸ்ஸில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. கண்டக்டர் வந்து, “என்னங்க தம்பி, ஒடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அம்மா அழவில்லை. “பாத்தியா! அவுத்திருந்தா கெடச்சிருக்குமா?” என்றாள். வெற்றி முழுதும் முடிச்சுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் தீர்த்தமலை ஏறினோம். அம்மாவை முந்திக்கொண்டு நான் படியேறினேன். எனக்குச் சாமியைவிட வருடம்தான் முக்கியமாக இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. அறுபத்திரண்டா? எழுபதா? எழுபத்துநான்கா? தீர்த்தத்தில் தலை நனைத்துவிட்டு, உண்டியலுக்கு முன்னால் நின்று அம்மா முடிச்சை எடுத்தாள். நான் கை நீட்டினேன்.

“முடிஞ்சவதான் அவுக்கணும். தள்ளு.”

நகத்தால் ஆகவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். துணி பிரிந்தது. மஞ்சள் படிந்த பெரிய ரூபாய். நான் எட்டிப் பிடித்துக் கட்டை விரலால் தேய்த்தேன். கதிர் தெரிந்தது. கீழே வருடம் தெரிந்தது.

எழுபத்தெட்டு.

மறுபடியும் தேய்த்தேன். எழுபத்தெட்டுதான். ஒட்டவே கூடாத ரூபாய்! செம்பும் நிக்கலும் கலந்தது! எட்டு கிராம்! அப்போது காந்தத்தில் தாவியது என்ன? கனம் எங்கிருந்து வந்தது? பையிலிருந்த காந்தத்தை அங்கேயே எடுத்து வைத்துப் பார்த்தேன். ரூபாய் அசையவில்லை.

“என்னாடா முழிக்கிற? இத எங்க வுட்ட?” என்றபடி அம்மா துணியில் ஒட்டியிருந்த இன்னொன்றை உரித்து எடுத்தாள். காண்டாமிருகம் போட்ட நாலணா. அது அம்மாவின் விரலிலிருந்து நழுவிக் காந்தத்துக்குத் தாவியது.

“நாலணா எதுக்கும்மா?”

“எதுக்காவா? வெறும் ஒத்த ரூபாயாவா முடிவாங்க? சாமிக்கு ஒண்ணேகா ரூபாதான்டா முடிவாங்க!”

எனக்கு அது தெரியும். கோயிலுக்கு ஒன்றேகால் ரூபாய் என்பது சின்ன வயதிலிருந்து கேட்டது. பொங்கல் வைத்தாலும், பூசாரி தட்டில் போட்டாலும், வேண்டிக்கொண்டாலும் அந்தக் கால் ரூபாய் கூட வரும். காந்தம், எடை, உலோகம், ஆண்டு எல்லாம் யோசித்த எனக்கு அது மட்டும் தோன்றவே இல்லை! எட்டு கிராம் ரூபாயோடு ஏறக்குறைய மூன்று கிராம் நாலணா. அந்த மூன்றில் இரண்டை ரூபாயின் எடையாகவே எண்ணிவிட்டு, மீதியை மஞ்சளுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் என்று நான் கழித்திருக்கிறேன். எஃகு நாலணா! காந்தத்தில் ஒட்டியது அந்தக் காண்டாமிருகம்!

தங்கைக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். “தப்பான பாடம் எடுத்து வேல வாங்குன மொத வாத்தியாரு நீதான்டா அண்ணா.”

“மெதுவா பேசு. சாமி காதுல விழுகப் போவுது” என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

அம்மா இரண்டு காசையும் உண்டியலில் போட்டாள். அவற்றோடு என் கண்ணும் உள்ளே போய் விழுந்த மாதிரி இருந்தது. இறங்கும்போது எல்லோருக்கும் பின்னால் நடந்தேன். சொல்லலாமா, வேண்டாமா? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்தப் பெண் எழுந்து நின்று ‘உறுதி’ என்றாளே. அவளுக்குப் பொய்யான ஒரு வருடத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் நான் அவளுக்கு எந்த வரலாற்றை நடத்துவது? ஒருவேளை சொன்னதும், “முதல் நாளே தப்புங்களா சார்?” என்று தலைமை ஆசிரியை சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? இதைப் பல முறை யோசித்தேன். ஆனால் யோசிக்கும்போதே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குதித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் நினைத்ததைவிட இது எவ்வளவு நல்ல கதை!

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை அவர்கள்.

“எந்த வருசம் சார்?”

பலகையில் 1978 என்று எழுதினேன்.

கொட்டாவிக்காரப் பெண் எழுந்தாள். “அது ஒட்டாதே சார். நீங்கதான சொன்னீங்க?”

“ஆமா. நான் சொன்னது தப்பு. நாம எல்லாரும் சேர்ந்து தப்பாக் கண்டுபுடிச்சோம். உள்ள இன்னொரு காசு இருந்துச்சு. என்ன காசுனு சொல்லுங்க பாக்கலாம்?”

முதலில் பதில் சொன்னது சித்தேரிப் பையன். நெற்றியில் அடித்துக்கொண்டே, “அய்யோ, ஒண்ணேகா ரூபா!” என்று கத்தினான். வகுப்பு வெடித்தது. “எங்கூட்லயும் அப்பிடித்தான் சார்!” “எங்கம்மா ரெண்டேகாலு சார்!” “நாங்க சர்ச்சுல போடறதுக்குக் காலு எல்லாம் இல்ல சார், அதான் எங்களுக்குத் தெரியல!” நாலணா எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. காண்டாமிருகத்தைப் பலகையில் வரைந்தேன். பன்றி மாதிரி வந்தது. சிரித்தார்கள். அப்புறம் ஒருவன் சொன்னான், ஓரத்துக்கு ஓரமாகச் சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் நடுவில் மட்டும் ஒட்டுவது தெரிந்திருக்கும் என்று. இன்னொருத்தி, ஈரத்துணியில் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டு, உள்ளே வேறு வேறு காசு வைத்துப் பழகிப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டை. இருந்த சில்லறையை எல்லாம் கர்சீப்பில் முடிய ஆரம்பித்துவிட்டார்கள். காந்தத்துக்கு வரிசை நின்றார்கள்.

நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது தலைமை ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பலகையில் இருந்த வருடத்தையும் பன்றியையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எழுபத்தெட்டா?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

தலையாட்டினேன்.

அவர் தன் கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்தார். பீரியடு முடிய இன்னும் ஐந்து நிமிடம்கூட இல்லை. அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தின் தலைப்பைக்கூட நான் இன்னும் பலகையில் எழுதவில்லை.